கீபோர்டு கெடவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேனர் டிசைன் செய்கிறேன். போன வாரம் ராத்திரி, காதணி விழா பேனருக்கு ஆள் வாசலிலேயே நிற்கிறார், ஃபோட்டோஷாப்பில் 'வி' (V) தட்டினால் படத்தை நகர்த்தும் மூவ் டூல் வரவில்லை, 'பி' (B) தட்டினால் பிரஷ் வரவில்லை. கீபோர்டு போச்சு என்று புதிது வாங்கவே கிளம்பிவிட்டேன். அப்புறம் பார்த்தால், குழந்தையின் பெயரை அடிக்கப் போட்ட தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு முறை மாற்றப்படாமல் அப்படியே இருக்கிறது. விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பாரைத் தட்டி ஆங்கிலத்துக்கு மாற்றியதும் எல்லாம் சரி. அதேபோல் கர்சராகத் தெரியும் பிரஷ்ஷின் வட்டம் போய் வெறும் கூட்டல் குறி தெரிந்தால் மவுஸைக் குறை சொல்லாதீர்கள், கேப்ஸ் லாக்கை அணையுங்கள். தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றி அடிக்கும் நமக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம், பயிற்சி மையங்கள் இதை முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

- டிடிபி ஊழியர், கடலூர்