நடந்து போகிறவர் கையில் ஒரு நல்ல நிலப்படம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை பிறந்துவிட்டால் பழனிக்கு நடந்து போகும் கூட்டத்தின் படங்களையும், ஆடி அமாவாசை வந்துவிட்டால் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறும் கூட்டத்தின் படங்களையும் தங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிடுகிறது. நில அளவைப் பணியில் பல ஆண்டுகள் அளவுச் சங்கிலியும், வயல் எல்லை காட்டும் புலப்படமுமாகத் திரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இன்றும் நடப்பவன் என்ற முறையிலும், அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும் ஒன்றை எழுதுகிறேன். இத்தனை பேர் நெடுந்தொலைவு நடக்கும் மதுரை வட்டாரத்தில், மேடு பள்ளமும் ஓடையும் கிணறும் காட்டி, தமிழில் பெயர் எழுதி, நடக்கிறவர் கையில் பிடித்துக்கொள்ளும்படி அச்சிட்ட ஒரு நிலத்தோற்ற வரைபடத்தை நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மாசி மாதத்தில், நத்தம் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, நானும் என் மைத்துனரும் அலங்காநல்லூரிலிருந்து பாலமேடு வந்து, தார்ச்சாலையை விட்டு விலகி, சிறுமலை அடிவாரத்தை ஒட்டிய வண்டிப்பாதையில் நடந்தோம். எங்கள் கையில் இருந்தது ஒரு நடைக்குழுவினர் அச்சிட்டுக் கொடுத்த துண்டறிக்கை. அதில் பாதை ஒரு கோடாக இருந்தது. கோட்டின் நடுவில் ஓர் ஓடை இருந்தது. ஓடைக்குப் பக்கத்தில் 'தண்ணீர்' என்று எழுதியிருந்தது. அதை நம்பி ஆளுக்கு ஒரு பாட்டிலோடு போனோம். பதினொரு மணி வெயிலில் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, முழங்கால் ஆழத்துக்கு வெள்ளை மணலும் ஒரு செத்த பனைமட்டையும் கிடந்தன. "என்ன மாமா, ஓடைன்னா தண்ணி ஓட வேணாமா?" என்றார் மைத்துனர். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் சற்றுத் தள்ளியிருந்த பம்புசெட்டுக்குக் கூட்டிப்போய்த் தொட்டியில் தலையை நனைக்க வைத்ததால் பிழைத்தோம்.

வீட்டுக்கு வந்து, பீரோவின் மேல் சுருட்டி வைத்திருந்த 58 ஜே/4 எண்ணுள்ள டோப்போ ஷீட்டை, அதாவது நிலத்தோற்ற வரைபடத் தாளை, விரித்துப் பார்த்தேன். அலங்காநல்லூர், பாலமேடு, நத்தம், அழகர்மலை எல்லாம் அந்த ஒரே தாளில் அடங்கிவிடும். அதில் அந்த ஓடை கறுப்புக் கோட்டில் இருந்தது. இந்திய நில அளவைத் துறையின் தாள்களில் நீர் ஓடுவது நீலத்திலும், மழைக்கு மட்டும் ஓடி மற்ற நாளில் காய்ந்து கிடப்பது கறுப்பிலும் வரையப்படும். எத்தனையோ பேருக்கு இதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஓடையிலிருந்து அரைச் சென்டிமீட்டர் தள்ளி ஒரு சிறு வட்டம் இருந்தது. அது அந்தப் பம்புசெட்டுக் கிணறு. தாளை வீட்டில் வைத்துவிட்டுத் துண்டறிக்கையை நம்பிப் போன எனக்கு அன்று பட்டது வேண்டியதுதான்.

துண்டறிக்கைகளை நான் இகழவில்லை. 'ஆலமரத்துக்கு அப்புறம் இடது பக்கம்', 'அன்னதானக் கொட்டகைக்கு எதிரே' என்று அவற்றில் எழுதியிருப்பது எந்த டோப்போ ஷீட்டிலும் கிடைக்காது. அவற்றில் குறைவது அளவுகோல், உயரம், படம் வரைந்த ஆண்டு ஆகிய மூன்றும்தான். கைபேசி வரைபடத்தின் குறை வேறு வகை. அது வண்டியில் போகிறவருக்காகச் செய்யப்பட்டது. சாலையைத் துல்லியமாகக் காட்டும், சாலைக்கு வெளியே உள்ள உலகத்தைப் பச்சையாகவோ வெள்ளையாகவோ விட்டுவிடும். மலைச்சரிவில் சிக்னலும் மின்னேற்றமும் தீர்ந்த பிறகு அந்தப் பச்சையும் இருக்காது.

ஆகவே படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அளவுகோலைப் பார்க்க வேண்டும். 1:50,000 என்றால் ஒரு கிலோமீட்டர் தாளில் இரண்டு சென்டிமீட்டர். 1:25,000 என்றால் நான்கு. நாள் முழுக்க நடந்து முப்பது கிலோமீட்டர் போகும் பாதயாத்திரைக்கு முதலாவது போதும். அறுபது சென்டிமீட்டருக்குள் ஒரு நாள் முடிந்துவிடும். காட்டுக்குள் ஒற்றையடிப்பாதை பிரியும் இடங்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். பிரிட்டனில் நடப்பவர்களுக்கென்றே அந்நாட்டு நில அளவைத் துறை விற்கும் 1:25,000 படங்களில் வயல் வேலிகூடத் தெரியும். பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதை தனி நிறத்தில் இருக்கும். நம் ஊர்ப் புலப்படத்தில் வரப்பும் வண்டிப்பாதையும் அதைவிடத் துல்லியமாக இருக்கின்றன என்று ஒரு நில அளவைக்காரனுக்குப் பெருமை உண்டு. ஆனால் புலப்படத்தில் உயரம் என்பதே கிடையாது.

உயரத்தைச் சொல்வது, ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்து வரையும் சமஉயரக் கோடு. நமது 1:50,000 தாள்களில் வழக்கமாக 20 மீட்டருக்கு ஒரு கோடு. 100 மீட்டருக்கு ஒன்று தடித்திருக்கும். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு என்று பள்ளியில் படித்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதை நேரக் கணக்காக மாற்றுவதில்தான் பயன் இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறியான நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் செல்லும்: சமதளத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் பழைய பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் மட்டும் 1,600 மீட்டருக்கு மேல். பாதை எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிட்ட பிறகு, ஏற்றத்துக்கென்று தனியாக இரண்டே முக்கால் மணி நேரத்தையாவது சேர்க்க வேண்டும். நம் வெயிலுக்கும் முதுகுச் சுமைக்கும் நான் இன்னும் ஒரு மணி நேரம் சேர்ப்பேன். தூரத்தை மட்டும் சொல்லும் படத்தை நம்பிக் காலை பத்து மணிக்குக் கிளம்புகிறவர் இருட்டில்தான் மாட்டிக்கொள்வார்.

கோடுகள் ஓடையை எதிர்கொள்ளும் இடத்தில் மேட்டுப் பக்கமாக மடங்கி நிற்கும். மேலே எவ்வளவு பரப்பிலிருந்து தண்ணீர் திரண்டு அந்த ஒரு வாய்க்குள் இறங்கும் என்பதை அந்த மடிப்புகளைத் தொடர்ந்துபோனால் கண்ணாலேயே அளந்துவிடலாம். சதுரகிரிப் பாதை ஓடைகளைக் கடந்து ஏறுவது. வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்ற பெயர்களே அதற்குச் சாட்சி. 2015 மே மாதம் அங்கே திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போது மேலே பெய்த மழை எந்த ஓடை வழியாக இறங்கும் என்பதை ஏறுகிறவர் அறிந்திருப்பது பக்திக்குக் குறைவான காரியம் அல்ல.

மறுபக்கம், சமதளத்தில் இந்தக் கோடுகள் ஊமை. மேலூருக்கும் திருப்பத்தூருக்கும் இடையில் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போக நெடுந்தொலைவு நடக்க வேண்டும். கண்மாய்க் கரை ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து நின்றாலும் 20 மீட்டர்க் கோட்டில் அது தெரியாது. அங்கே படத்தில் தேட வேண்டியவை கண்மாய், கலுங்கு, ஊருணி, கிணறு, தோப்பு, ரயில்வே கேட் போன்றவை. மலைக்கு நல்ல படம் சமவெளிக்கு நல்ல படமாகாது என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

இனி, தாள் கிடைத்துவிட்டால் போதுமா என்றால், இல்லை. நம் வட்டாரத்துக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. பழைய வரிசைத் தாள்கள் கால் பாகைக்கு ஒன்றாக வெட்டப்பட்டவை. 78 பாகைத் தீர்க்கரேகை சமயநல்லூருக்கும் வாடிப்பட்டிக்கும் இடையே கடந்து, நேராகச் சிறுமலைமீது ஏறுகிறது. அதனால் ஒரே மலையான சிறுமலை 58 எஃப்/15, எஃப்/16, ஜே/3, ஜே/4 என்று நான்கு தாள்களில் சிதறிக் கிடக்கிறது. போதாக்குறைக்கு, உலகத்தை ஆறு ஆறு பாகையாகப் பிரிக்கும் யு.டி.எம். என்னும் வரைபடக் கட்டமைப்பிலும் 43, 44 ஆகிய இரு மண்டலங்களின் எல்லை அதே ரேகைதான். மதுரையிலிருந்து பழனிக்கு நடக்கிறவர் வாடிப்பட்டியை அடையுமுன்பே ஒரு மண்டலத்தை விட்டு மற்றொன்றுக்குள் போய்விடுகிறார், ஜி.பி.எஸ். கருவியில் கிழக்கு எண் (மண்டலத்துக்குள் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறோம் என்று மீட்டரில் சொல்வது) திடீரென்று மாறியதைக் கண்டு கருவி கெட்டுவிட்டது என்று நினைத்த ஒருவரை நான் அறிவேன். ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய, நாட்டை முக்கோணங்களாக அளந்த பெருமுக்கோண அளவையின் நடுவரை இந்த 78 பாகையை ஒட்டித்தான் குமரியிலிருந்து வடக்கே போனது என்பதால், எங்கள் தொழிலில் இந்த ரேகைமீது ஒரு பாசம் உண்டு. நடக்கும்போது அது தொல்லைதான்.

இன்னொரு கண்ணி, பழைய தாளும் புதிய கருவியும் சேரும் இடத்தில் இருக்கிறது. பழைய தாள்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீளுருண்டை என்ற பழைய கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. கைபேசியும் 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொது வரிசைத் தாள்களும் டபிள்யு.ஜி.எஸ். 84 என்ற புதிய கணக்கின் அடிப்படையில் அமைந்தவை. கைபேசி காட்டும் எண்ணை அப்படியே பழைய தாளில் குறித்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். சமவெளியில் இது ஒரு வயல் தூரம். மலையில் ஓடைக்கு அந்தக் கரையா இந்தக் கரையா என்ற வேறுபாடு. தாளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல் யாரும் தாளை வாங்கக் கூடாது.

இவற்றையெல்லாம் தீர்க்க, பாதையை நடுவில் வைத்து நாமே படம் செய்வதுதான் வழி. இன்று அது பெரிய வித்தையும் அல்ல. உயரத் தரவு இருக்கிறது: 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த, ஏறத்தாழ 30 மீட்டர் இடைவெளியுள்ள தரவு இலவசம். கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளும் இலவசம்; அதில் அரை நாளில் சமஉயரக் கோடுகளை எடுத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: அந்த ரேடார் அடர்ந்த காட்டில் மர உச்சியையும் நிலமென்று எண்ணிவிடும், குறுகிய பள்ளங்களை மழுக்கிவிடும், பாறைச் செங்குத்து அதில் வெறும் சரிவாகத் தெரியலாம். பாதைகளையும் ஊர்களையும் தன்னார்வலர்கள் வளர்க்கும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து, அதன் பெயரைப் படத்தில் குறிப்பிட்டு, எடுத்துக்கொள்ளலாம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களுக்குப் பின், இந்தியர் ஒருவர் இத்தகைய படம் தயாரிக்க முன்அனுமதி தேடி அலைய வேண்டியதும் இல்லை.

கணினியால் ஆகாதது மிச்ச வேலை. மாசியில் ஒரு முறை, ஐப்பசியில் ஒரு முறை நடந்து, எந்தக் கிணற்றில் எந்த மாதம் தண்ணீர் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். ஊர்ப் பெயரை ஊர்க்காரரிடம் கேட்டுத் தமிழில் எழுத வேண்டும். ஆங்கிலத் தாளைப் பார்த்துத் திருப்பி எழுதினால் சோழவந்தான் 'சோலவந்தான்' ஆகிவிடும், கரடு எது மலை எது என்று தெரியாமல் போகும். பாதையின் இருபுறமும் ஐந்து கிலோமீட்டராவது சேர்த்து அச்சிட வேண்டும். அமெரிக்காவில் 4,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பசிபிக் மலைப்பாதை போன்றவற்றில் நடப்பவர்கள் பாதையை மட்டும் ஒட்டிய ஒல்லிப் படங்களைச் சுமை குறைவு என்று விரும்புவதுண்டு. காட்டுத்தீயால் பாதையை மூடிவிட்டால், விலகிப் போகும் வழி அந்தப் படத்துக்கு வெளியே போய்விடுகிறது. தாள் ஏ3 அளவுக்கு மேல் வேண்டாம். அடுத்த தாளோடு இரண்டு சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று வரட்டும். லேசர் அச்சே நல்லது. மை தெளிக்கும் அச்சில் எடுத்த என் படம் ஒன்று சட்டைப்பையில் வியர்வை பட்டு, வைகையும் நான்குவழிச் சாலையும் கலந்து ஒரே ஊதாவாகிவிட்டது.

2018 மார்ச் மாதம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டதை நம் பகுதியில் யாரும் மறக்கவில்லை. கையில் படம் இருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது பொறுப்பற்ற பேச்சு. அதற்குப் பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024இல் வனத்துறை 40 பாதைகளை வழிகாட்டியுடன் முறையாகத் திறந்துவிட்டது. வழிகாட்டி இருக்கும்போது படம் எதற்கு என்று கேட்பார்கள். வழிகாட்டிக்கே கால் சுளுக்கினால் மற்றவர்களுக்கு இறங்கும் திசையாவது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆகவே நான் கேட்பது பெரிதல்ல. அனுமதி பெற்ற ஒவ்வொரு மலைப்பாதைக்கும் 1:25,000 அளவில், பழனிப் பாதயாத்திரை வழிக்கு 1:50,000 அளவில், தமிழில் ஒரு படம். ஓரத்தில் அச்சிட்ட ஆண்டும் மாதமும். அனுமதியில்லாத காட்டுப் பாதைகளை அதில் காட்ட வேண்டாம். நமது கல்லூரிகளின் புவியியல் துறை மாணவர்கள் வனத்துறை அனுமதியோடு களத்துக்கு வந்தால் ஒரே கோடையில் முடித்துவிடலாம். பாலமேடு முதல் நத்தம் வரையிலான பாதையில் 19 கிணறுகளை மைத்துனரும் நானும் ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறோம். யார் இந்த வேலையைத் தொடங்கினாலும் அந்த நோட்டைக் கொடுக்கத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற நில அளவர்,
மதுரை.