பயிற்றுநராக வரும் மகனுக்கு

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மகனுக்கு,

கல்லூரியின் கூடைப்பந்து அணிக்குப் பயிற்றுநராக வர நீ சம்மதித்துவிட்டாய் என்று அதிபர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. உன் அம்மா அன்றைக்கே உன் அறையை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டார். எனக்கும் மகிழ்ச்சிதான், ஆயினும் ஊர் உன்னை எதிர்பார்த்திருக்கும் விதம் சற்றுக் கலக்கம் தருவதால், நீ வருமுன்பே சிலவற்றை எழுதிவிட நினைக்கிறேன்.

பழைய மாணவர் சங்கத்தில் நான்கு பேர் கூடினால் பேச்சு நீ அன்று எடுத்த புள்ளிகளைப் பற்றியதாகத்தான் இருக்கிறது. நீ மைதானத்தில் வந்து நின்றாலே கிண்ணம் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். பற்றிக் யூயிங்கை உனக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1984 இல் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகம் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய சம்பியனானபோது அந்த அணியைத் தாங்கி நின்றவர் அவர். 2017 இல் அங்கேயே தலைமைப் பயிற்றுநராகத் திரும்பினார். 2021 இல், ஜோர்ஜ்டவுன் ஆடும் கல்லூரி லீக்கான பிக் ஈஸ்டின் சுற்றுப்போட்டியை வென்றும் கொடுத்தார். ஆனால் அடுத்த பருவத்தில் அதே பிக் ஈஸ்டில் ஆடிய 19 லீக் ஆட்டங்களிலும் அணி தோற்றது. 2023 இல் அவரை விலக்கிவிட்டார்கள். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே அந்த நிலை.

நம் கிழக்கு மாகாணத்தில் இந்த ஆட்டத்தை வேரூன்றச் செய்தவர்களுள் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் முக்கியமானவர்கள். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரி அணியைப் பயிற்றுவித்த யூஜின் ஹேபியர் அடிகளார், 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற்போய், இன்றுவரை என்ன ஆனார் என்று தெரியாதவர். அவரைப் பற்றிப் பேசும் எவரும், அவர் இளமையில் எத்தனை புள்ளிகள் எடுத்தார் என்று கேட்டு நான் அறிந்ததில்லை. அவர் உருவாக்கிய பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

மாலையில் நடக்கப் போகும்போது மதிலோரம் நின்று பயிற்சியைப் பார்ப்பதுண்டு. தரம் ஒன்பதில் படிக்கும் ஒரு பையன் இருக்கிறான். உயரம் போதாது, ஆனால் எல்லோரும் போன பிறகும் தனியே நின்று, தவறுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதலான பிறீ துறோ எறிந்துகொண்டிருப்பான். எறியும்போது அவனுடைய வலது முழங்கை வெளிப்பக்கமாக விரிகிறது. பந்து வளையத்தின் ஓரத்தில் பட்டுத் தெறிக்கிறது. உடனே அவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறான், பிழை அங்கே இருப்பதுபோல. முழங்கையைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நீயோ அதைப் பற்றி ஒருநாளும் யோசித்தே இருக்கமாட்டாய். உனக்கு அது தானாக வந்தது. தானாக வந்ததைப் பிறருக்குப் படிப்படியாகப் பிரித்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை, கணக்கில் கெட்டிக்காரர்களாக இருந்தும் வகுப்பில் திணறிய ஆசிரியர்கள் பலரோடு வேலை செய்தவன் என்ற முறையில் நான் அறிவேன். ஆகவே முதல் மாதத்தில் நீ பந்தை எறிந்து காட்டாமல், பார்த்துக்கொண்டு மட்டும் இரு.

ஆட்டமும் மாறிவிட்டது. நீ ஆடிய தொண்ணூறுகளில் இருபது நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளும், பந்து கைக்கு வந்தபின் வளையத்துக்கு எறிவதற்கு 30 விநாடிகளும் இருந்தன. இன்று பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள், 24 விநாடிகள். நீ பெயரெடுத்த மூன்று புள்ளிக் கோடு அன்று வளையத்திலிருந்து 6.25 மீற்றரில் இருந்தது. 2010 இலிருந்து அது 6.75. (இதையெல்லாம் உன் மருமகன்தான் எனக்குச் சொன்னான், அவனுக்குப் பாடப் புத்தகத்தை விட இதுதான் மனப்பாடம்.) "எங்கள் காலத்தில்" என்று தொடங்கும் பேச்சைச் சங்கத்துக் கூட்டங்களுக்கு வைத்துக்கொள், பிள்ளைகளிடம் வேண்டாம்.

பெற்றோர் ரியூசனைக் காட்டிப் பிள்ளைகளை இடையில் அழைத்துப் போவார்கள். அவர்களோடு சண்டை பிடிக்காதே. உயர்தரப் பரீட்சை அவர்களுக்கு வாழ்வுப் பிரச்சினை. பயிற்சியைக் காலை ஆறு மணிக்கு மாற்ற முடியுமா என்று அதிபரிடம் கேட்டிருக்கிறேன், மறுக்கவில்லை.

வாடை மழை தொடங்கினால் திறந்தவெளித் தரையில் ஒன்றும் செய்ய முடியாது என்பதால், செப்டெம்பருக்குள் வந்துவிடு. கடற்காற்றில் ஒரு வளையம் துருப்பிடித்துச் சரிந்திருக்கிறது. அதை ஒட்டுவேலைக்காரரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். கொழும்பிலிருந்து பந்துகள் வாங்குவதானால் தோல் பந்து வேண்டாம், சீமெந்துத் தரை அதைச் சீக்கிரம் தின்றுவிடும். ரப்பர் பந்துகளாகவே வாங்கி வா.

அன்புடன்,
அப்பா