முதலில் சிப், அப்புறம்தான் ஊசி: கால்நடை பராமரிப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் அவர்களுக்கும், இந்தக் கடற்கரை ஊர்களின் மருந்தகங்களில் பணியாற்றும் கால்நடை மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நான் தங்கச்சிமடத்துக்காரி. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் மகள் கடற்புல் ஆராய்ச்சி செய்கிறாள். அவளுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. தனுஷ்கோடி சாலையில் குட்டியாகக் கிடந்து, ஐந்து வருடமாக எங்கள் வீட்டில் வளர்ந்த செவலையையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்றாள். செவலை நாட்டு நாய். மீன் சோறு தின்று வளர்ந்தவன். "நாய்க்கு எதுக்கும்மா பிளேன்? நாங்க பாத்துக்கிறோம், விட்டுட்டுப் போ" என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அப்படி விட்டுப்போன நாய்கள் பூட்டின வீட்டு வாசலில் படுத்துக் கிடப்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். முதல் மாதம் பக்கத்து வீட்டில் சோறு வைப்பார்கள். பிறகு அவர்களுக்கும் ஆயிரம் வேலை.

ஆகஸ்டில் வேலைக் கடிதம் வந்தது, ஜனவரியில் சேர வேண்டும். ஐந்து மாதம் இருக்கிறதே, போதும் என்று இருந்தோம். செவலைக்கு வருடம் தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தோம். கடைசி ஊசி ஜூன் மாதம். ஆகஸ்ட் கடைசியில் வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் மைக்ரோசிப் வைத்தோம். அரிசி மணி அளவுதான் இருக்கும். தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கடியில் ஊசி மாதிரிச் செலுத்துகிறார்கள். அதற்கென்று இருக்கும் கருவியை மேலே காட்டினால் 15 இலக்க எண் தெரியும். சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கில் போடாத ஊசிக்குச் சமம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

செப்டம்பரில் ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்பினோம். வெறிநோய்க்கு எதிரான எதிர்ப்பாற்றல் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். செவலைக்கு அதைவிட அதிகமாகவே இருந்தது. வீட்டில் பாயசம் வைத்தோம். நவம்பரில் காகிதங்களைச் சரிபார்த்தவர் இரண்டு தேதிகளின் மேல் விரலை வைத்தார். ஊசி ஜூன். சிப் ஆகஸ்ட். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

விதியில் தப்பு இல்லை. அடையாள எண் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி இந்த நாய்க்குத்தான் போட்டது என்று யார் நிரூபிப்பது? ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதிக்கும் காரணம் இருக்கிறது. வெறிநோய்க் கிருமி கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் அறிகுறி தெரிந்துவிடும். தெரிந்த பிறகு நாயானாலும் மனிதரானாலும் பிழைப்பது அரிதினும் அரிது. ஊசிக்கு முன்பே கடிபட்டிருந்தால் அந்தக் காத்திருப்பில் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். இதையெல்லாம் நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். என் வருத்தம், ஆகஸ்டில் சிப் வைத்த அதே மேசையில் அடுத்த நிமிடமே ஒரு ஊசி போட்டிருந்தால் டிசம்பர் முடிவதற்குள் காத்திருப்பும் முடிந்திருக்கும் என்பதுதான்.

நவம்பர் இரண்டாம் வாரம் மறுபடி ஊசி. 30 நாள் பொறுத்து டிசம்பர் நடுவில் மறுபடி ரத்தம். ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் எண்ணினால் மார்ச் நடுப்பகுதி. மகள் ஜனவரியில் தனியாகப் போனாள். சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் செவலை வாசலுக்கு ஓடுவான், நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவான். அந்த மூன்று மாதத்தில் எத்தனை தடவை அப்படி ஓடினானோ.

அப்புறம்தான் இன்னொரு விதி தெரிந்தது. வளர்ப்பு நாய் என்ற கணக்கில் அது ஐரோப்பாவுக்குள் போக வேண்டுமானால், அதன் உடைமையாளரோ அவர் எழுத்துமூலம் அனுமதித்த ஆளோ கூடப் போக வேண்டும். உடைமையாளரின் பயணத்துக்கும் நாயின் பயணத்துக்கும் நடுவே ஐந்து நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. தாண்டினால் வணிகச் சரக்குக்கான விதிகள் வந்துவிடும். அதனால் புது வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதமே மகள் விடுப்பு கேட்டு, டிக்கெட் போட்டு, திரும்பி வந்தாள்.

அந்த மாதங்களில் நாங்கள் செய்த உருப்படியான காரியம் பெட்டி. விமானத்தில் போகும் பெட்டிக்கு சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முன்னங்கால் முட்டி வரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம். தோள் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு பெட்டியின் அகலம். நிமிர்ந்து நிற்கும்போது தலை அல்லது காது, எது உயரமோ அது இடிக்காத உயரம். உள்ளே நிற்க, திரும்ப, படுக்க முடிய வேண்டும். விமானத்துக்கான பெட்டி சென்னையில் வாங்கினோம். ஆனால் பழக்குவதற்கு, பாம்பனில் வத்தை என்ற நாட்டுப்படகு கட்டும் ஓடாவி ஒருவர் அதே அளவில் பிளைவுட்டில் ஒரு பெட்டி அடித்துக் கொடுத்தார். படகுக்கு அளவெடுக்கிற மாதிரி செவலையை நிற்க வைத்து நூல் பிடித்து அளந்தார். காற்றோட்டத்துக்கு நான்கு பக்கமும் துளை, முன்னால் கம்பிக் கதவு.

முதல் வாரம் கதவே மாட்டவில்லை. உள்ளே மகளின் பழைய துப்பட்டாவை விரித்து, சோற்றுத் தட்டை வாசலில் வைத்து, நாளுக்கு ஒரு சாண் உள்ளே நகர்த்தினோம். மூன்றாவது வாரம் தானாகவே உள்ளே போய்ப் படுக்க ஆரம்பித்தான். பிறகு கதவை ஐந்து நிமிடம் சாத்தினோம், அரை மணி நேரம், ஒரு ராத்திரி. அப்புறம் பெட்டியோடு வேனில் ஏற்றிப் பாலத்தின் மேல் போய் வந்தோம். பாம்பன் காற்று தெரியுமே, அந்த இரைச்சலுக்குப் பழகினால் எதற்கும் பழகிவிடலாம் என்று ஓடாவி சொன்னார். இரண்டு மாதம் ஆனது. மயக்க மாத்திரை கொடுத்து ஏற்றிவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு உயரத்தில் மூச்சும் ரத்த அழுத்தமும் தடுமாறலாம், பார்க்கவும் ஆள் இருக்காது. விமான நிறுவனங்களும் பொதுவாக ஏற்றுக்கொள்வதில்லை.

மார்ச் கடைசியில் சென்னைக்குப் போனோம். மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு நிலையங்கள் நாட்டில் ஆறு ஊர்களில்தான் இருக்கின்றன. நமக்குச் சென்னை. ஐரோப்பாவுக்கான உடல்நலச் சான்றிதழ் கையெழுத்தான நாளிலிருந்து பத்து நாளைக்குள் அங்கே போய் இறங்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து நள்ளிரவுக்குப் பிந்தைய விமானமாகப் பார்த்து எடுத்தோம். பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணத்தை உறைய வைத்து மாட்டினோம், தூக்கும்போது சிந்தாது, போகப்போக உருகும். செவலை நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தான்.

சரி, இது ஒரு வீட்டுக் கதை. ஆனால் கீழக்கரை, தேவிப்பட்டினம், தொண்டி, இராமேஸ்வரம் என்று இந்தக் கரை முழுக்க வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் தெருக்கள் உண்டு. நாட்டுக்கு நாடு விதி வேறு. பிரிட்டனுக்கு விமானத்தில் போகும் நாய் சரக்காகத்தான் போக முடியும். இறங்குவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பும் 120 மணி நேரத்துக்குள்ளும் நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாத வயதுக்குக் குறைந்த நாயை உள்ளே விடுவதில்லை. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராக நாயைக் கொண்டுபோகவே முடியாது. சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி வீடுகளில் பொதுவாக அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய்களுக்குத்தான் இடம். நம் ஊர் நாட்டு நாயை நினைத்து வருகிறவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிட்டால், வேறு நல்ல வீடு தேட அவகாசமாவது கிடைக்கும்.

தனிமைப்படுத்தல் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் கப்பலேற அனுப்பினார்கள். 1914-ல் பாம்பன் ரயில் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபின் அந்த வழியாக எத்தனை ஆயிரம் பேர். மனிதர்களைப் பரிசோதித்துக் கடல் தாண்ட அனுப்பிய கரையில், ஒரு நாயின் பயணத்துக்கு வழி சொல்ல ஆள் தேடி நாங்கள் மதுரைக்கும் சென்னைக்கும் அலைந்தோம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. இராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி பக்கம் ஊருக்கொரு மருந்தகத்திலாவது 15 இலக்க சிப்பும் அதைப் படிக்கும் கருவியும் இருக்கட்டும். சிப்புக்கான விலையை நாங்களே கட்டிவிடுகிறோம். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தன்று ஊசி முகாம் நடக்கும் மேசையில் அந்தக் கருவியையும் வையுங்கள். எந்த நாய்க்கும் முதலில் சிப் எண்ணைப் பார்த்து எழுதிவிட்டு அப்புறம் ஊசி போடும் பழக்கம் வரட்டும். தடுப்பூசி அட்டையில் சிப் எண், சிப் வைத்த தேதி, மருந்துப் புட்டியின் ஒட்டுச்சீட்டு, தொகுதி எண், எதுவரை செல்லும் என்ற தேதி, மருத்துவரின் பதிவு எண், முத்திரை எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். இப்போது பல அட்டைகளில் ஒரு தேதியும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும்தான். அதை வைத்துக்கொண்டு எந்த விமான நிலையத்திலும் நிற்க முடியாது.

மருந்தகச் சுவரில் ஒரு அறிவிப்பும் வேண்டும். "வெளிநாடு போகிறீர்களா? நாயையோ பூனையையோ கூட்டிப்போக ஏழு மாதம் முன்னால் வாருங்கள்." இது போதும். விசா வந்தபின் ஓடி வருகிறவர்கள் அதைப் படித்திருந்தால் விசாவுக்கு எழுதிப்போடும்போதே வந்திருப்பார்கள்.

எங்கள் காகிதங்களின் நகல் ஒரு தொகுப்பை, தேதி வாரியாக அடுக்கி, தப்பான தேதிகளையும் சிவப்பில் குறித்து, உங்கள் அலுவலகத்தில் கொடுக்கத் தயாராக வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு மருத்துவர்களுக்கு அனுப்புங்கள். ஓடாவி அடித்த பெட்டி எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. செவலை அளவுள்ள நாயைப் பழக்க யாருக்குத் தேவையோ, அவர்களை அனுப்பிவையுங்கள். வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை