நேரு ஸ்டேடியம் வரைக்கும் எங்க புள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில ஓட்டப்பந்தய மீட் முடிஞ்சு வந்ததுல இருந்தே எழுதணும்னு இருந்தேன், இன்னிக்குத்தான் உக்கார முடிஞ்சது. காரைக்குடி பக்கம் கண்மாய்க்கரைப் பொட்டல்ல வெறுங்காலோட ஓடிப் பழகுன ஒம்பது புள்ளைக ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துல ஓடிட்டு வந்திருக்குதுகன்னா அது நான் ஒருத்தன் செஞ்ச காரியம் இல்ல.

பல்லவன் ரயில்ல டிக்கெட் போட்டுக் குடுத்த அண்ணே, விடியக்காலம் ஸ்டேஷன்ல கொண்டாந்து விட்ட ஆட்டோ தம்பிக, தூக்குவாளி நெறைய சீயமும் ஒரு டின்னு கைமுறுக்கும் குடுத்துவிட்ட ஆச்சி, எல்லாருக்கும் நன்றி. திருச்சி வர்றதுக்குள்ள சீயம் காலி ஆச்சு. தங்களோட ஸ்பைக்ஸை, அதான் அடியில ஆணி வச்ச ஓட்ட ஷூவை, நம்பிக் குடுத்தனுப்புன காலேஜ் பசங்களுக்கும் பெரிய நன்றி.

400 மீட்டர்ல எங்க பாப்பாவுக்கு எட்டாவது லேன், அதாவது கடைசியா வெளிப்பக்கம் இருக்குற ஓடுபாதை, விழுந்துச்சு. மொத லேனை விட 53 மீட்டர் முன்னாடி நிக்கணும், பக்கத்துல யாருமே இல்ல, "சார் என்னைத் தனியா நிறுத்திட்டாங்க"ன்னு அழுவ ஆரம்பிச்சிருச்சு. அங்க வேலை பாக்குற ஒரு அக்கா வந்து, வெளி லேன் வளைவுல சுத்து அதிகம், அந்த வித்தியாசத்தைத்தான் முன்னாடி குடுக்குறாங்க, ஒரு லேன் அகலம் 1.22 மீட்டர்னு கைய நீட்டிக் காமிச்சு சொல்லிக் குடுத்தாங்க. பாப்பா கண்ணைத் தொடச்சுட்டு ஓடுச்சு, அஞ்சாவதா வந்துச்சு. அக்கா, உங்க பேரு கூட கேக்காம வந்துட்டேன், மன்னிச்சுருங்க.

எல்லாருக்கும் மேல எங்க ஊரு கம்பி ஃபிட்டர் ஐயாவுக்கு. 1993ல தொறந்த அந்த ஸ்டேடியம் கட்டும்போது கம்பி வேலைக்குப் போனவரு, தன் காசுல டிக்கெட் எடுத்து எங்க கூடவே வந்தாரு. கேலரிக்கு அடியில ஒரு தூணைக் கொஞ்ச நேரம் தடவிப் பாத்துட்டு, "காங்கிரீட் போட்டுட்டா கம்பி கட்டுனவன் வேலை கண்ணுக்குத் தெரியாதுப்பா, ஆனா உள்ள இருக்கு"ன்னாரு. 40,000 பேர் உக்கார்ற கேலரி, 1995ல தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்த எடம், இப்ப சென்னையின் எஃப்சி ஃபுட்பால் டீம் ஆடுற கிரவுண்டு, எல்லாத்தையும் அந்தக் கம்பிதானே தாங்கிட்டு நிக்குது. ஐயா, உங்களுக்கும் உங்க கூட வேலை பாத்த அத்தனை பேருக்கும் எங்க புள்ளைக சார்பா நன்றி.

ஊருக்கு வந்ததும் அவரே டியூப்ல தண்ணி விட்டு மட்டம் பாத்து, பொட்டல்ல 200 மீட்டர் ட்ராக்குக்கு முளை அடிச்சுக் குடுத்துட்டாரு. கிரவுண்டு சின்னதா இருந்தாலும் ஒரு முழு சுத்துக்கு லேன் கணக்கு மாறாது, உள்பக்கம் மேடான விளிம்பு கட்டாம வெறும் சுண்ணாம்புக் கோடுங்கிறதால எல்லா லேனுக்கும் ஒரே கணக்கு, ஒவ்வொண்ணுக்கும் 7.67 மீட்டர் முன்னாடி தள்ளி வைக்கணும். மேடு வெட்ட ஜேசிபி அனுப்புன அண்ணனுக்கும் நன்றி. ஞாயித்துக்கெழமை காலையில கோடு போடுறோம், நாலு மூட்டை சுண்ணாம்பு இருக்கு, கயிறு பிடிக்க ஆளு வேணும், வந்துருங்க.