வெளிச்சம் நடைபாதையில் விழட்டும், கண்ணில் வேண்டாம்

சென்னைக்கான கட்டட விதிகளை வகுப்போருக்கும் திட்ட அனுமதி வழங்குவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். ஒரு கட்டடம் எழும்பும்போது பக்கவாட்டில் எத்தனை அடி விட வேண்டும், எத்தனை வண்டிகள் நிறுத்த இடம் வேண்டும், மழைநீர் எங்கே இறங்க வேண்டும் என்றெல்லாம் நீங்கள் அளந்து கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். அதே கட்டடத்தின் முகப்பில் மாட்டப்படும் விளக்கின் ஒளி எங்கே விழ வேண்டும் என்பதையும் அதே கண்டிப்போடு கேளுங்கள் என்று வேண்டவே இந்த மடல்.

மேற்கு மாம்பலத்தில் வசிக்கிறோம். கோயில், காய்கறிக் கடை, மருந்துக் கடை, ரயில் நிலையம் எல்லாமே நடந்து போகும் தூரம். என் தாயாருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் புரை. போன மாதம் ஒரு மாலை, புதிதாக வந்த வணிக வளாகம் ஒன்றின் முன்னால் நடைபாதையிலிருந்து தவறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அங்கே இருட்டு இல்லை. வாசலின் இருபுறமும் ஆள் உயரத்தில், தெருவைப் பார்த்தபடி, வெள்ளை வெளேரென்று இரண்டு ஃப்ளட் லைட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. வண்டிகள் ஏறுவதற்காக வளாகத்தினர் நடைபாதையை வெட்டிச் சரிவாக்கியிருக்கிறார்கள். அந்தச் சரிவின் விளிம்பு அவர் கண்ணுக்குத் தெரியவேயில்லை.

இதற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல. கடும் ஒளி நேராகப் பாயும்போது கண்மணி சுருங்கிவிடுகிறது. அதைத் தாண்டி நிழலுக்குள் காலை வைத்தால் கண் பழக நேரம் பிடிக்கிறது. புரை விழுந்த கண்ணிலோ ஒளி உள்ளே சிதறி, பார்வை முழுவதையும் வெண்படலம் போல மூடிவிடும். அந்த வளாகத்துக்கு அடுத்தாற்போல் ஒரு நீண்ட மதில். அங்கே ஒரு விளக்குகூடக் கிடையாது. கண் கூசும் வெளிச்சத்திலிருந்து கும்மிருட்டுக்குள் பத்தடியில் இறங்குகிறோம். டியூஷன் முடிந்து தனியாக வரும் பெண்பிள்ளைகள், அந்த மதிலோரம் யாராவது நின்றாலும் தெரியாது என்று சொல்லிச் சாலையின் நடுவிலேயே நடக்கிறார்கள்.

வளாக நிர்வாகியிடம் போய்ச் சொன்னேன். “பாதுகாப்புக்காகப் போட்ட விளக்கு சார்” என்றார். அங்கே விழுந்தவரின் பாதுகாப்பு அவர் கணக்கில் வரவில்லை. உரிய அலுவலகம் என்று நான் நினைத்த இடத்தில், தெருவிளக்கு எரியாவிட்டால் புகார் கொடுக்கலாம், தனியார் இடத்து விளக்கு தங்கள் பொறுப்பில் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விளக்கு இருக்கும் சுவர் தனியாருடையதாக இருக்கலாம். ஒளி விழுவது பொதுத் தெருவில். அந்த ஒளிக்குப் பொறுப்பேற்க ஒருவர்கூட இல்லையா?

இரண்டாம் நிலைச் சாலைகளுக்குச் சராசரியாக 4 முதல் 8 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு) போதும் என்று தெருவிளக்குகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1944 சொல்கிறது. அரசு போடும் தெருவிளக்குக்கு இப்படி அளவு இருக்கும்போது, அதற்குப் பக்கத்திலேயே ஒரு கட்டடம் தன் விருப்பப்படி ஒளியைக் கொட்டினால் அந்த அளவுக்கு என்ன பொருள்? பிரான்சில் 2013-லிருந்து கட்டட முகப்பு விளக்குகளை இரவு 1 மணிக்குள் அணைத்தாக வேண்டும். அவ்வளவு தூரம் போவானேன்? நம் கடற்கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் கரையோர விளக்குகளால் திசை தவறிச் சாலைப் பக்கம் ஊர்ந்து சாகின்றன என்று தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாகப் பேசியதால், பொரிக்கும் காலத்தில் விளக்கை அணைப்பது பற்றி இங்கே பலருக்கும் தெரியும். தவறான இடத்தில் விழும் ஒளி உயிருக்குத் தீங்கு என்பது இந்த ஊருக்குப் புதிய செய்தி அல்ல.

நடப்பவர்களுக்காக இந்த நகரம் எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நடை, மிதிவண்டி போன்ற மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கு 2014-லேயே மாநகராட்சி கொள்கை வகுத்தது. 2019-இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. பலர் குடும்பத்தோடு அங்கே நடக்கிறார்கள். ஆனால் நடைபாதையை அகலமாக்கிவிட்டு, அதன் ஓரத்துக் கட்டடங்களை அவரவர் போக்கில் விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. கல் பதிக்கக் காட்டும் அக்கறையை விளக்கிலும் காட்டக் கூடாதா? திறப்பு விழா முடிந்த பிறகும் மக்கள் அங்கே நடக்கத்தானே போகிறார்கள்? நடந்து போகிறவர்களைக் கடைசியில் நினைத்துப் பார்க்கும் வழக்கம் எங்களுக்குச் சலித்துவிட்டது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். நாங்கள் விளக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழ்நோக்கிய விளக்கைத்தான் கேட்கிறோம். கடைத்தெரு, ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் என்று மக்கள் நடமாடும் இடங்களில் உள்ள ஒவ்வொரு வணிகக் கட்டடமும், மேற்புறமும் பக்கங்களும் மறைத்த விளக்கால் தன் முகப்பு நீளத்துக்கும் நடைபாதையில் சீராக ஒளி தர வேண்டும். மதிலோரமும் அந்த நீளத்தில் சேர வேண்டும். தெருவை நோக்கிய ஃப்ளட் லைட்டுக்குத் தடை வேண்டும். ஒளியின் நிறம் 3000 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு; எண் கூடினால் வெண்மை கூடும்) மேற்படாத மஞ்சள் சாயலாக இருக்கட்டும். மின்னும் விளம்பரத் திரைகள் இரவு பத்து மணிக்கு மேல் அடங்கட்டும். பணிநிறைவுச் சான்றிதழ் கொடுக்கும் முன், பகலில் சுவரை அளப்பவர்கள் ஒருமுறை இரவிலும் வந்து அந்த வாசல் வழியே நடந்து பார்க்கட்டும்.

2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தமிழ்நாடு முழுவதும் வீட்டுக்காரர்கள் முற்றத்தைத் தோண்டிக் குழாய் இறக்கினார்கள். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் ஒரு விளக்கைக் கீழ்நோக்கித் திருப்புவது ஒன்றுமே இல்லை. ஏற்கெனவே உள்ள கட்டடங்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுங்கள்.

வெளிவிளக்குக்கான விதியின் வரைவைத் தயாரித்துப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எப்போது வெளியிடுவீர்கள் என்று ஒரு தேதியும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலம்வாசி ஒருவன்