அடுத்த சூறாவளிக்கு முன்னாடி: தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கத்து தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்துப் பெரியவங்களுக்கும் கோயில் கமிட்டி அண்ணன் அக்காமாருக்கும் வணக்கம்.

2024 ஜூன் 3 டர்பனுக்கு வடக்க டோங்காட்ல டொர்னேடோ, அதான் சுழல் சூறாவளி, அடிச்சப்ப நம்ம ஆளுங்க சாப்பாடு, போர்வைன்னு ஓடினத குறையே சொல்ல முடியாது. நான் கேக்கறது அதுக்கு அப்புறம் நடந்தத பத்தி.

தெருமுனைல குப்பைய குவிச்சு வச்சிருந்தாங்க, மெத்தை, ஒயரு, பெயிண்ட் டப்பா, நடுவுல சாம்பல் கலர் கூரை ஷீட்டு. பக்கில (சின்ன பிக்கப் வண்டி) ஏத்த ஈஸியா இருக்கும்னு ஒரு பையன் வெறுங்கையால ஷீட்ட எடுத்துப்போட்டு மிதிச்சு உடைக்கிறான், உடைஞ்ச ஓரத்துல பஞ்சு மாதிரி நாரு நீட்டிட்டு நிக்குது. ஆஸ்பெஸ்டாஸ்ங்க அது! 2008ல தடை பண்ணியாச்சு, ஆனா அதுக்கு முன்னாடி போட்ட கூரை எல்லாம் அப்படியேதான இருக்கு. இதனால நுரையீரல் உறைல புத்துநோய் வருதுன்னு 1960லயே இதே நாட்டுல, கேப் பக்கத்து சுரங்க ஊருங்கள பாத்துத்தான் டாக்டருங்க எழுதினாங்க. இன்னைக்கு உள்ள போன தூசி இருபது முப்பது வருஷம் கழிச்சுதான் வேலைய காட்டும், அதனாலதான் யாருக்கும் பயமே இல்ல.

டொர்னேடோ எல்லாம் எப்பவோ ஒருதடவை வர்றதுதானன்னு கேப்பீங்க. 1998 டிசம்பர்ல கிழக்கு கேப்ல இருக்கற உம்டாட்டால அடிச்சப்ப மண்டேலாவே ஒரு மருந்துக்கடைக்குள்ள மாட்டிக்கிட்டாரு, அடுத்த மாசமே மவுண்ட் அய்லிஃப் பக்கம் இன்னொண்ணு. 2023 ஜூன்ல டர்பன் பக்கத்து இனாண்டா, மறு வருஷம் டோங்காட். இங்க பொதுவா நவம்பர் டூ ஜனவரிதான் இதுக்கு சீசன், இந்த கடைசி ரெண்டும் ஜூன்ல, இங்கத்த குளிர்காலத்துல வந்துருக்கு. அதுக்காக எண்ணிக்கை கூடிருச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், முன்னாடி கரும்புக்காட்டுல அடிச்சத யாரு எழுதி வச்சா, இப்ப எல்லார் கைலயும் போன் இருக்கு. கூடுதோ இல்லையோ, வருது, அவ்வளவுதான்.

அதனால சாப்பாட்டு லிஸ்டோட இதையும் சேருங்க. நல்ல மாஸ்க், கெட்டி பிளாஸ்டிக் ஷீட்டு, தண்ணி ஸ்பிரே பண்ண ஒரு கேன். கூரைத்துண்ட நனைச்சு, உடைக்காம, ரெண்டு சுத்து சுத்தி தனியா வச்சு முனிசிபாலிட்டிக்கு சொல்லுங்க. குப்பைய கொளுத்தவே வேணாம், நுரை மெத்தைப் புகை ஆஸ்பெஸ்டாஸுக்கு சளைச்சதில்ல. ஓடைப்பக்கம் கெடக்கறத மழைக்கு முன்னாடி அள்ளலன்னா நேரா ஆத்துக்குப் போயி கடலுக்குப் போயிரும்.

மரம் விழுந்த எடத்த சும்மா விட்டா லாண்டானா புதரு வந்து மூடிக்கும், அப்புறம் வேற எதுவும் எந்திரிக்காது. உம்டோனி வைங்க, நம்ம நாவலுக்கு சொந்தக்கார மரம், பறவைங்களும் வரும்.

அடுத்த கமிட்டி மீட்டிங்ல இத வைங்க, தயவுசெஞ்சு திருவிழா கணக்குக்கு முன்னாடியே வைங்க, அது ஆரம்பிச்சா பாதிப்பேர் சண்டை போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க.