பேசிக்கொண்டே நட, பாப்பா

கோத்தகிரி
18 ஆகஸ்ட் 2024

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் குழந்தைகளும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கூப்பிட்டால் "சரிப்பா, சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் சொல்லி இன்றோடு 23 நாள். உனக்கு வேலை, பிள்ளைகள், வீடு எல்லாம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. கடிதம் என்றால் பாதியில் வைக்க முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

அலாஸ்கா படங்கள் 61-ம் பார்த்தாயிற்று. ஒரு தடவை இல்லை, தினமும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவாள். நான் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டுவேன். டெனாலி மலை 6,190 மீட்டர் என்று யாழினி வாய்ஸ் மெசேஜில் சொன்னாள். நம் தொட்டபெட்டா 2,637. இரண்டு தொட்டபெட்டாவை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் தோளுக்குத்தான் வரும். அங்கே போகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் மேகம் விலகி மலை முழுசாகத் தெரியுமாமே. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ராத்திரி பத்தரை மணிக்கு வெயிலில் நின்று என் பேத்தி அந்த மலையைக் கை நீட்டிக் காட்டுகிறாள். அந்தப் படத்தைத் தபால் ஆபீசில், டீக்கடையில், ரிடையர் ஆன எங்கள் ஃபாரஸ்ட் ஆட்கள் கூடும் இடத்தில் என்று எல்லோரிடமும் காட்டிவிட்டேன். "என் மகள் கூட்டிக்கொண்டு போனாள்" என்று சொன்னேன்.

அந்த வெள்ளை ஆடுகள் படத்தை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பாறை இடுக்கில் ஏழு புள்ளி மாதிரி தெரிகிறதே, அதுதான். டால் ஆடு. சுட்டுத் தீர்த்துவிடுவார்கள் என்று பயந்து, இந்த ஆட்டைக் காப்பாற்றத்தான் 1917-ல் டெனாலி தேசியப் பூங்காவையே தொடங்கினார்கள். நம் வரையாட்டின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். முக்கூர்த்தியில் டியூட்டி பார்த்த நாட்களில் காலைப் பனி விலகும்போது இதே மாதிரிதான் தெரியும், ஆனால் கறுப்பும் பழுப்புமாக. இந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் எடுத்த கணக்கில் 1,031 என்று வந்தது. படித்ததும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். நீதான் சின்ன வயதில் "இன்னைக்கு எத்தனை ஆடுப்பா?" என்று வாசலிலேயே கேட்பாய். காரிபு மானில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு என்று கவினிடம் சொல், மான் இனத்திலேயே அதற்கு மட்டும்தான் அப்படி.

இப்போது கரடி விஷயம். பஸ்ஸுக்குள் இருந்து எடுத்த படங்கள் பரவாயில்லை. ஆனால் சாவேஜ் ஆற்றோரம் நீங்கள் நடந்து போகிற படம் ஒன்று இருக்கிறது. ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் இடுப்பளவு புதர், பக்கத்தில் ஆறு. ஆற்றுச் சத்தத்தில் நீங்கள் வருவது கரடிக்குக் கேட்காது, கரடி இருப்பது உங்களுக்குத் தெரியாது. அந்த மாதிரி இடத்தில் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். சத்தமாகப் பேசு, பாடு, கையைத் தட்டு. கரடியிடமிருந்து 300 கஜம் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். அது சும்மா எழுதிவைத்த விதி இல்லை. மூஸ் மானுக்கு 25 கஜம் என்றாலும் குட்டியோடு இருந்தால் அதையும் கிட்டே போய்ப் பார்க்கக் கூடாது. கவின் நிற்கிற படத்தில் 25 கஜம் இருந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

எப்பநாடு பக்கம் ரோந்து போனபோது கரடி ஒருவர் தோளைக் கிழித்ததே, உன் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர், அவர்தான். அன்று என்ன நடந்தது என்று உங்கள் யாரிடமும் நான் முழுசாகச் சொன்னதில்லை. முந்தின நாள் ராத்திரி கேம்ப்பில் அரிசி விஷயமாக எங்கள் மூன்று பேருக்குள் ஒரு மனஸ்தாபம். காலையில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், வாயே திறக்காமல் நடந்தோம். புற்றை நோண்டிக்கொண்டிருந்த கரடி பத்தடி தூரம் வரும்வரை எங்களைக் கவனிக்கவே இல்லை, நாங்களும் அதைக் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டு போயிருந்தால் அது பாட்டுக்கு விலகிப் போயிருக்கும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பேசிக்கொண்டே நட.

இரண்டு குட்டிகளோடு ஒரு தாய்க்கரடி படமும் அனுப்பியிருக்கிறாய். நம் ஊர்க் கரடி குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும், அந்த ஊர்க் கரடி குட்டிகளைப் பின்னால் நடக்க விடுகிறது. மற்றபடி இரண்டும் ஒன்றுதான். தாய் தனியாகத்தான் வளர்க்கும். ஆண் கரடி கிட்டே வந்தால் குட்டிக்கு ஆபத்து, அதனால் தூரமாகக் கூட்டிக்கொண்டு போய்விடும். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை, நீ படித்தவள், உனக்கே தெரிந்திருக்கும்.

இங்கே விசேஷம் ஒன்றும் பெரிதாக இல்லை. பின்பக்கம் பேரிக்காய் மரத்தில் போன வாரம் கரடி ஏறி ஒரு கிளையை முறித்துப் போட்டது. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை. கீழ்வீட்டு அத்தைக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கரில் நடக்கிறார், உன்னைக் கேட்டார். தம்பி பொங்கலுக்கு வருகிறேன் என்கிறான். அவன் பெண்ணுக்கு பல் விழுந்துவிட்டது. சரி, படத்துக்கே வருகிறேன்.

ஆங்கரேஜிலிருந்து டெனாலி 240 மைல். "அம்மாவேதான் ஓட்டினாங்க தாத்தா, முழுக்க" என்று கவின் சொன்னான். குஞ்சப்பனை வளைவுகளில் உனக்கு ஜீப் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான், எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. பெருமைதான். பூங்கா ரோட்டில் 43-வது மைலுக்கு மேல் பஸ் போகாது, மலைச்சரிவுக்கு அடியில் இருந்த ஐஸ் உருகி ரோடே நகர்ந்து 2021-லிருந்து மூடிக்கிடக்கிறது என்றானே, அதுவும் கேட்டேன். 2009 நவம்பர் மழையில் நம் ரோடுகள் போனதை நீ பார்த்திருக்கிறாய். ராத்திரியில் மட்டும் ஓட்டாதே. இருட்டாத ஊர் என்றாலும் கண் அசரும். தனியாக ஓட்டும்போது கண் அசந்தால் பக்கத்தில் எழுப்ப ஆள் இருக்காது.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை போலிருக்கிறது. பெரிய கம்பெனி வேலை என்றால் அப்படித்தான். படங்கள் அவர் எடுத்திருப்பார், அதனால்தான் எதிலும் அவர் இல்லை என்று முதல் நாள் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போனை வாங்கி இரண்டு விரலால் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். மூலையில் உன் கை நீண்டு தெரிகிறது. அடுத்த படத்திலும் உன் கை. ஏதோ ஹோட்டலில் காலைப் பலகாரம் சாப்பிடுகிற படத்தில் மேசை மேல் மூன்று கோப்பை. இரண்டில் சாக்லெட் பால், ஒன்றில் காபி. நான்காவது நாற்காலியில் உங்கள் கோட்டுகளைக் குவித்து வைத்திருக்கிறாய். அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

சூவர்டு பக்கத்தில் அந்தப் பனியாற்றைப் பார்க்கப் போன படம் இருக்கிறதே. பனியின் விளிம்பு எந்த வருஷம் எதுவரை இருந்தது என்று பாதை நெடுக வருஷம் போட்டு நட்டு வைத்திருக்கிறார்கள் என்று யாழினி விளக்கமாகச் சொன்னாள். 2010 என்று போட்ட பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். 2010 தையில் உன் கல்யாணம். நான் படத்தில் பனியைத் தேடினேன். அவளுக்குப் பின்னால் வெறும் கல்லும் சேறும், கொஞ்சம் செடி. ரொம்ப தூரத்தில், மலை இடுக்கில், அழுக்கு வேட்டி மாதிரி ஒரு கோடு. அவ்வளவு பெரிய பனி பதினாலு வருஷத்தில் அங்கே போய்விட்டது. அம்மா அந்தப் படத்தைத் தள்ளச் சொல்லவில்லை, நானும் தள்ளவில்லை. போன் தானாக அணைந்துவிட்டது.

பாப்பா, நான் எழுத உட்கார்ந்தது கரடியைப் பற்றி இல்லை.

2013 ஐப்பசியில் ஒரு ராத்திரி கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினாய். மழை. கரண்ட் இல்லை. யாழினி உன் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தபோது பார்த்தேன், குழந்தை உடம்பில் ஒரு பருத்தி கவுன். ஸ்வெட்டர் இல்லை, குல்லா இல்லை, காலில் சாக்ஸ் இல்லை. கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவள் ஐப்பசி மாதத்தில் ஒரு வயதுக் குழந்தையை அப்படிக் கூட்டிக்கொண்டு வருவாளா? எடுத்து வைக்க நேரம் இல்லாமல் கிளம்பியிருக்கிறாய். புல் மடிந்திருப்பதைப் பார்த்து மிருகம் மேய்ந்து போனதா, பயந்து ஓடியதா என்று சொல்லி 31 வருஷம் சம்பளம் வாங்கினவன் நான். எனக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. தெரியாமல் போனது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் பொய்.

"என்னம்மா ஆச்சு" என்று நான் கேட்கவில்லை. "மாப்பிள்ளை வரலையா? எப்ப திரும்பிப் போறே?" என்றுதான் கேட்டேன். தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அக்கா வாழாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று பேச்சு வந்துவிடுமே என்று பயந்தேன். அம்மா என் காக்கி ஸ்வெட்டரை எடுத்து யாழினியைச் சுற்றிப் படுக்க வைத்தாள். ராத்திரி முழுக்க நீ தூங்கவில்லை, எனக்குத் தெரியும், நானும் தூங்கவில்லை. நடுவில் ஒரு சுவர்தான். எழுந்து வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

காலையில் ஏழு மணி பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன். டிக்கெட்டும் நானே எடுத்தேன். ஜன்னல் வழியாக ஆரஞ்சுப் பழம் கொடுத்து, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றேன். நீ "சரிப்பா" என்றாய். அந்தக் குரலில் நீ சரிப்பா சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. இப்போது போனில் கேட்பதும் அதே சரிப்பாதான்.

உன்னைப் பேசவிடாமல் செய்தவன் நான். 23 நாளாகப் பேசவில்லை என்று உன்மேல் குறைப்பட எனக்கு என்ன இருக்கிறது? அம்மா இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் இதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நான் நினைப்பதெல்லாம் தப்பாக இருந்து, மாப்பிள்ளைக்கு உண்மையிலேயே லீவு இல்லாமல் இருந்தால், கிழவன் எதையோ போட்டுக் குழப்பிக்கொண்டான் என்று இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அவரிடம் காட்ட வேண்டாம்.

தப்பாக இல்லையென்றால், மேல் ரூமில் ஒழுகிக்கொண்டிருந்த கூரை ஓடுகளை மாற்றியாகிவிட்டது. ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டிருக்கிறேன், கரடி வராது. பாத்ரூமில் கீசர் வேலை செய்கிறது. கீழே பள்ளிக்கூடத்தில் ஆறாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடு வருஷத்தில் சேர்ப்பார்களா என்று சும்மா விசாரித்து வைத்தேன், சேர்ப்பார்களாம். யாருக்கு என்று கேட்டார்கள், பேரப்பிள்ளைகளுக்கு என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். இப்போது எனக்கு யாரைப் பற்றியும் பயம் இல்லை.

எத்தனை நாள், யார் யார் வருகிறீர்கள், எதற்கு என்று எதையும் நீ எழுத வேண்டாம். கோவையில் விமானம் இறங்குகிற நேரம் மட்டும் சொல், நான் வந்து நிற்கிறேன். வரவில்லை, அங்கேயே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாலும் சரி. 240 மைல் தனியாக ஓட்டினவள் நீ. ஆனால் பேசு. என்னிடம் சொல்லக் கஷ்டமாக இருந்தால் அம்மாவிடம் பேசு. நான் தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறேன்.

கவினுக்குத் தோள் அகலமும் கை நீளமும் அளந்து அனுப்பச் சொல்கிறாள் அம்மா. யாழினியுடையது முடியப் போகிறது, நீல நூல். படத்தைப் பார்த்தே குத்துமதிப்பாக அளவு எடுத்துப் பின்னிவிட்டாள். கழுத்து சரியாக வருமா என்றுதான் அவளுக்குச் சந்தேகம், அதையும் ஒரு நூல் வைத்து அளந்து சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா